காவல் இருப்பவரின் களைப்பு

இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 ஆக இருந்தது. கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகள் 1984 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட, 1995க்குப் பின்னான இருபது ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. இதைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் இறப்புக் குறைந்த அளவுக்கு, தம்மைத் தாமே வருத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகை குறையவில்லை. முன்பு இறந்திருக்கக்கூடிய பலர் இன்று பேராதனை ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து துண்டு வெட்டிக்கொண்டு கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் வீடு திரும்புகிறார்கள். வார்டில் தாதியரும் டொக்டர்மாரும் முறை மாற்றிப் பார்த்த காவலை, வீட்டில் ஒரு தாயோ அக்காவோ முறை மாற்ற ஆளில்லாமல் ஏற்கிறார். குளியலறைக் கதவு திறக்கச் சற்றுத் தாமதித்தாலும் அவருக்கு நெஞ்சு அடைக்கிறது. தான் சொன்ன எந்தச் சொல் பிள்ளையைச் சுட்டதோ என்று பழைய பேச்சுகளைக் கிளறுகிறார். கோபம் வருகிறது, கோபப்பட்டதற்காகத் தன்னையே வெறுக்கிறார். தோட்டத்து லயத்தில் என்றால், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காமல் அழவும் வேண்டும்.

இந்தத் தனிக்காவல் அன்பின் அளவுகோல் ஆகாது என்பதே என் வாதம். நாட்டில் இறப்புக் குறைந்தது தாய்மார் இன்னும் அதிகமாகக் கண் விழித்ததாலா? இல்லை. ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் போனது; நெருக்கடியின் உச்சம் பலருக்கும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுவதால் அந்த இடைவெளி உயிரைக் காத்தது. வீட்டுக்கும் இதுவே பொருந்தும். மருந்துகளைப் பூட்டி வைப்பது, கிளினிக் திகதியைத் தவறவிடாதிருப்பது, இன்னும் இரண்டு பேரைத் துணைக்குச் சேர்ப்பது ஒருவரால் முடிந்த காரியம். இருபத்துநான்கு மணிநேரமும் இன்னொருவரின் மனத்துக்குக் காவலாளியாக இருப்பது எவராலும் முடியாது. முடியாததைச் செய்யவில்லை என்று அவரைக் குற்றவாளி ஆக்குவது கொடுமை.

துன்பப்படுவது பிள்ளை, அந்த நேரத்தில் தாயின் களைப்பைப் பேசுவது சுயநலம் அல்லவா என்று கேட்பார்கள். பேசாத களைப்பு வேறு வழியில் வெளிவரும்: “எங்களைச் சாகடிக்கவா இப்படிச் செய்கிறாய்?” என்று. அதைக் கேட்ட பிள்ளை அடுத்த காயத்தை மறைக்கும். வெளியே தெரிந்தால் தங்கச்சிக்குக் கலியாணம் பேச முடியாது என்ற அச்சமும் பொய்யல்ல. நம் சமூகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்ட பயத்தை வீடுகள் இன்னும் சுமக்கின்றன. யாரிடமும் சொல்லாதே என்று பிள்ளை சத்தியம் வாங்கியிருந்தால், யாரிடம் சொல்லலாம் என்பதைப் பிள்ளையோடு சேர்ந்தே முடிவு செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. அது காயப்பட்டவருக்கு மட்டும் உரியதல்ல. காவல் இருந்து களைத்தவரே, நீங்களும் அழையுங்கள்.