வீட்டுக் கிரயமும் வாக்குச் சுத்தமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் ஆலிம் அல்லோம். கடை வைத்துப் பிழைக்கிறவர்கள். மதரஸாவில் ஓதியதும், கல்லாப் பெட்டியின் முன் இருந்து கண்டதும்தான் நமக்குள்ள கல்வி. இந்தச் சிங்கப்பூரில் மளிகை வாங்க வருகிறவர்களில் எத்தனையோ பேர் அரிசி விலையைக் கேட்குமுன் வீட்டு விஷயத்தைத்தான் பேசுகிறார்கள். விற்பவருக்குப் பணம் எப்போது வரும் என்ற கவலை. வாங்குபவருக்குச் சாவி எப்போது வரும் என்ற கவலை. உறக்கமும் போய், தொழுகையில் மனம் நிற்பதும் போய் அலைகிறார்கள். ஆகையால் இது பற்றிச் சிறிது பேசுவது நன்மையென்று கருதுகிறோம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை வீட்டையே எடுத்துக்கொள்வோம். விற்கும் எண்ணத்தைக் கழகத்தில் பதிந்து 7 நாள் கழிந்த பின்னரே ஆப்ஷன் பத்திரம் கொடுக்கலாம். பத்திரம் பெறக் கொடுக்கும் முன்பணம் 1,000 வெள்ளிக்கு மேற்படாது. வாங்குபவர் முடிவு சொல்ல 21 நாள் தவணை. பிறகு இருவரும் விண்ணப்பம் போட, அதைக் கழகம் ஏற்ற நாளிலிருந்து சுமார் 8 வாரம் கழித்தே சாவி கைமாறும். இதற்கு நடுவே வங்கிக் கடன், வீட்டின் மதிப்பீடு, மத்திய சேம நிதிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகத் தீர வேண்டும். 1989 முதல் இன விகிதமும் நடப்பில் இருக்கிறது. ஒரு புளோக்கில் ஓர் இனத்தாரின் அளவு நிறைந்துவிட்டால், அவ்வினத்தார் அங்கே வேற்றினத்தாரிடம் வீடு வாங்க இயலாது. மேலும், இவர் வீட்டை விற்ற பணத்தில்தான் அடுத்த வீட்டை வாங்குகிறார். ஓரிடத்தில் சிக்கினால் மூன்று குடும்பம் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறது.

இவற்றில் பெரும்பகுதி நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அதுதான் நம் வாக்கு. காத்திருக்கும் நாட்களில் சோதிக்கப்படுவது பொறுமை மட்டுமல்ல, வாக்கும்தான் என்பதே நாம் சொல்ல வந்த விஷயம்.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் வீடு விற்க எண்ணிப் பதிந்திருந்தார். அந்த 7 நாளுக்குள் ஓர் இளம் தம்பதியர் வந்து பார்த்தனர். விலை பேசி, "உங்களுக்கே தருகிறேன்" என்று வாய்வார்த்தை சொன்னார். பத்திரம் இன்னும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் இன்னொருவர் வந்து 20,000 வெள்ளி கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். வீட்டில் ஒரே பேச்சு: "பிள்ளையின் படிப்புக்கு ஆகுமே! காகிதத்தில் கையெழுத்தா போட்டோம்?" சட்டம் அவரைக் கட்டவில்லை. ஆனால் ஒருவர் விலை பேசி இசைந்த பின் மற்றவர் அதன் மேல் போய் விலை பேசலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாக்களித்து மாறுவது நயவஞ்சகரின் அடையாளங்களில் ஒன்று என்றும் எச்சரித்திருக்கிறார்கள். சகோதரர் இரண்டு இரவு உறங்காமல் யோசித்தார். பிறகு அந்தத் தம்பதியருக்கே பத்திரம் கொடுத்தார்.

அந்த 20,000 வெள்ளி வேறு வழியில் அவருக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மகன் படிப்புக்குக் கடன்தான் வாங்கினார். ஆயினும் அதே மகன், தகப்பன் வாக்கு மாறாதவர் என்பதைக் கண்ணால் கண்டான். இதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது? எழுதுகிறவன் அல்லாஹ் ஒருவனே.

வாங்குபவருக்கும் இதே கடமை உண்டு. 21 நாள் தவணை இருக்கிறதென்று, வேண்டாமென முடிவு செய்த பின்னும் கடைசி நாள் வரை வாய் திறவாதிருப்பது நியாயமா? அதுவரை விற்பவர் வேறு யாருக்கும் பத்திரம் கொடுக்க முடியாதே! அன்றே சொல்லிவிடுங்கள். விற்பவரும் சுவரின் ஈரத்தையும், ஒழுகும் குழாயையும் மறைக்க வேண்டாம். இருவரும் உண்மை பேசிக் குறையை வெளியிட்டால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்தால் பரக்கத் அழிக்கப்படுமென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

தவக்குல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். தவணை உள்ள கொடுக்கல் வாங்கலை, சிறிதாயினும் பெரிதாயினும், சடைவில்லாமல் எழுதிக்கொள்ளும்படி திருமறையின் அல்பகரா அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஆகவே தேதிகளை எழுதி வையுங்கள். புரியாத பத்திரத்தில் ஒப்பமிடாதீர்கள். புது வீடு தயாராகாவிட்டால், விற்ற வீட்டில் 3 மாதம் வரை தங்கிக்கொள்ள, வாங்குபவர் சம்மதித்தால் கழகத்தில் அனுமதி கேட்க வழியிருக்கிறது. அதை முன்னதாகவே பேசி எழுத்தில் வையுங்கள். சாவி கைக்கு வருமுன் புது வீட்டில் கலியாணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். "இன்ஷா அல்லாஹ்" என்பது வாயலங்காரம் அல்ல; நாளை நம் கையில் இல்லை என்ற ஒப்புதல். 2020-ல் கொரோனா நோய் பரவிக் கட்டட வேலைகள் நின்றபோது, கட்டிக்கொண்டிருந்த வீடுகள் எத்தனை தாமதமாயின என்பதை நாம் மறக்கவில்லை.

காத்திருக்கும் கோபத்தை மனைவி மக்கள் மேல் கொட்டாதீர்கள். வீடு வாங்குவதே அவர்களுக்காக அன்றோ! முடிவெடுக்கத் தடுமாற்றமா? இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது கேளுங்கள்.

கடைசியாக ஒரு வரலாறு. 622-ல் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவர்களுக்கென்று அங்கே வீடு இல்லை. பள்ளிவாசலுக்குத் தேர்ந்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. இலவசமாகத் தருகிறோம் என்றபோதும் ஏற்காமல் விலை கொடுத்தே பெற்றார்கள். பள்ளியும் அதையொட்டிய அறைகளும் எழும்பும்வரை, சுமார் ஏழு மாதம், அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள் வீட்டில் தங்கினார்கள். கீழே நாயகம், மேலே அபூ அய்யூபும் அவர் மனைவியும். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பானை உடைந்தது. கீழே சொட்டிவிடக் கூடாதே என்று, தங்களுக்கிருந்த ஒரே போர்வையால் அந்தத் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள் அத்தம்பதியர்.

அண்ணல் நபியவர்களே பிறர் வீட்டில் காத்திருந்தார்கள் என்றால், நமக்குக் காத்திருப்பதில் என்ன குறைவு? நம் உறவினரோ, ஜமாஅத்தாரோ சாவிக்காகக் காத்து நிற்கும்போது, "நம் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, வாருங்கள்" என்று சொல்ல நாம் ஆயத்தமா? ஒரு போர்வை நனைந்தால் நனையட்டும்.

வீடு தேடும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹுத் தஆலா நிம்மதியான இருப்பிடத்தையும், அதுவரை வாக்கு மாறாத நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.