பாடசாலை வாசலுக்கு முன் சொல்லவேண்டிய உண்மை

எடுத்து வளர்க்கும் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் நாள் நெருங்கும்போது பெற்றார் முதலில் தேடுவது சீருடையையும் சப்பாத்தையும் புத்தகப்பையையும்தான். பிள்ளைக்குக் காது மந்தமாகவோ, பேச்சுத் தடையோ, அறிவு வளர்ச்சியில் தாமதமோ இருந்தால் வைத்தியரின் கடிதமும் ஆயத்தமாகிவிடும். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் இவற்றுக்கு முன்பாக வீட்டுக்குள்ளேயே தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையைப் பற்றிய உண்மையை யாருக்கு, எவ்வளவு, எப்போது சொல்வது?

இங்கே உண்மைகள் இரண்டு. பிள்ளை எமது வயிற்றில் பிறந்ததல்ல என்பது ஒன்று. அதற்கு மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு விசேட தேவை இருக்கிறது என்பது மற்றது. இரண்டையும் மறைத்துவிட்டால் பிள்ளை நிம்மதியாக இருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். "சின்னப் பிள்ளைதானே, இப்பவே ஏன் மனதை நோகடிப்பான்?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யலாகாது. அது அன்பிலிருந்து பிறக்கும் கேள்வி.

எனினும் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நீங்கள் காக்கும் இரகசியத்தை அயலவர் முன்னரே அறிவர். அவர்களுடைய குசினியில் பேசப்படுவதை அவர்களுடைய பிள்ளைகள் கேட்பார்கள். அப்பிள்ளைகளும் உங்கள் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கப் போகின்றனர். ஒருநாள் விளையாட்டு முற்றத்தில் சண்டை மூளும்போது, "நீ எடுத்து வளர்த்த பிள்ளை" என்ற சொல் வந்து விழும். அந்தச் சொல் பிள்ளையை நோகச் செய்யும். ஆனால் அதைவிட ஆழமாக நோகச் செய்வது அதன் பின்னர் எழும் கேள்வி: "அம்மா இதை ஏன் எனக்கு ஒளித்தார்? ஒளிக்கவேண்டிய அளவுக்கு நான் கேவலமானவனா?" முதற் காயத்தை ஊரார் தருகின்றனர். இரண்டாவது காயத்தைத் தருபவர்கள் நாமே.

மகவேற்பை மறைப்பது எமது பழைய வழக்கமுமல்ல. 1707ஆம் ஆண்டில் சட்டமாக்கப்பட்ட தேசவழமைத் தொகுப்பு, உறவினரும் சாட்சிகளும் கூடியிருக்க மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையை ஏற்கும் வழக்கத்தைக் கூறுகிறது. முன்னோர் அதனைப் பலர் முன்னிலையில் செய்தனர். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நீதிமன்றக் கட்டளை மூலம் ஏற்கப்பட்ட பிள்ளை ஏற்றவர்களின் சொந்தப் பிள்ளையாகவே கொள்ளப்படுகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும், 2009 வரை நீடித்த போரிலும் பெற்றாரை இழந்த பிள்ளைகளை எத்தனையோ வீடுகள் அணைத்துக்கொண்டன. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே இரு உண்மைகளையும் பிள்ளை முதன்முதலாக உங்கள் வாயிலிருந்தே கேட்கட்டும். நீண்ட விளக்கம் வேண்டாம். "நீ இன்னொரு அம்மாவின் வயிற்றில் பிறந்தாய். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாய். இப்போது நீ எங்கள் பிள்ளை, என்றும் எங்கள் பிள்ளை." ஐந்து வயதுக்கு இது போதும். ஒரே நாளில் சொல்லி முடிக்காமல் தலை வாரும்போதும் சோறு ஊட்டும்போதும் இடைக்கிடை சொல்லி வாருங்கள். மற்றதையும் அவ்வாறே சொல்லலாம். "உனக்குச் சத்தம் குறைவாகக் கேட்கும், அதற்காகத்தான் காதிலே இந்தக் கருவி. கேட்காவிட்டால், 'ரீச்சர், இன்னொருக்காச் சொல்லுங்கோ' என்று கேள்." தன் தேவையைத் தானே கேட்கப் பழகிய பிள்ளை, பரிகாசத்துக்கு முன்னால் இலகுவில் ஒடுங்கிப் போகாது. பேச வராத பிள்ளைக்குச் சைகையையோ படத்தையோ பழக்கலாம்.

இனி, பாடசாலைக்கு எதைச் சொல்வது? பிள்ளையின் தேவையைச் சொல்லுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும், வலிப்பு வந்தால் என்ன செய்வது, மலசலகூடம் போக அது எப்படிக் கேட்கும், எதைக் கண்டால் பயப்படும் என்பனவற்றை ஆசிரியை அறிந்திருக்க வேண்டும். குடும்பத்தைப் பற்றி வரையவும் பேசவும் பாடங்கள் வருமாதலால், பிள்ளை மகவாக ஏற்கப்பட்டது என்பதையும் அவர் அறிந்திருப்பது நல்லது. ஆனால் பெற்ற தாய் யார், ஏன் பிள்ளையைக் கைவிட்டார் என்னும் கதை ஆசிரியைக்கும் வேண்டாம், அயலவருக்கும் வேண்டாம். அது பிள்ளையின் சொத்து. வளர்ந்தபின் அதை யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். உண்மையை ஒளிப்பது வேறு, பிறருடைய உண்மையைக் காப்பது வேறு.

குறையைச் சொன்னால் பாடசாலை பிள்ளையை ஏற்க மறுக்குமோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதியளிப்பதில் பாகுபாடு காட்டக்கூடாதெனக் கூறுகிறது. கட்டாயக் கல்வியின் வயதெல்லையும் 2016இல் 5 முதல் 16 வரையென விரிவாக்கப்பட்டது. சட்டம் இருந்தும் கதவு இலகுவில் திறக்காத இடங்கள் இருக்கலாம். அங்கே பெற்றார் தலை நிமிர்ந்து பேச வேண்டும். வீட்டில் வெட்கப்படுபவர் அலுவலகத்தில் உரிமை கேட்கமாட்டார்.

முதல்நாட் காலையையும் எண்ணிப் பாருங்கள். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி எழுதிய அறிக்கை, சிறுவயதில் தாயின் பராமரிப்பை இழப்பது பிள்ளையின் மனநலத்தை எவ்வளவு பாதிக்கக்கூடும் என்பதை எடுத்துக்காட்டியது. ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளைக்குப் பாடசாலை வாசல் மற்றுமொரு கைவிடுதலாகத் தோன்றலாம். ஆகையால் முன்கூட்டியே ஓரிரு தடவை அங்கே கூட்டிச்சென்று வகுப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் காட்டுங்கள். யார் வந்து கூட்டிச்செல்வார் என்று சொல்லி, மணி அடிக்குமுன்பே வாசலில் நில்லுங்கள். "சொல்வழி கேளாவிட்டால் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்று பகிடிக்கேனும் சொல்லாதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது பகிடி. இந்தப் பிள்ளைக்கு அது நடந்த கதை.

மோசேயை நினைத்துப் பாருங்கள். பாரவோனின் மகள் எடுத்து வளர்த்த பிள்ளை அவர். திக்குவாய் என்று தம்மைத் தாமே கூறியவர். தம் இனத்தார் யாரென அவர் அறிந்திருந்தார். தமது குறையையும் இறைவன் முன் ஒளிக்கவில்லை. நாவைத் திருத்திக்கொண்டு வா என்று இறைவனும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவருக்காகப் பேச ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். எமது பிள்ளைகளுக்குப் பாடசாலையில் தேவைப்படுவதும் அத்தகைய துணையே.

கடைசியாக ஒன்று. பிள்ளை நன்றாகப் படித்து எமது நன்மைக்குக் கைம்மாறு செய்யவேண்டுமென்ற எண்ணம் எம்மை அறியாமலே உள்ளத்தில் புகுந்துவிடும். சில பிள்ளைகள் ஓர் ஆண்டு முழுவதும் முயன்று தம் பெயரை மட்டும் எழுதப் பழகும். அதுவும் கல்விதான். பெற்ற பிள்ளையிடம் எவரும் பிறந்ததற்கு நன்றி கேட்பதில்லை. ஏற்ற பிள்ளையிடமும் கேட்கலாகாது.

அன்பான பெற்றாரே, அடுத்த வகுப்புத் தொடங்குமுன் ஒரு மாலையில் பிள்ளையை அருகில் இருத்தி அதன் உண்மையை அதனிடம் சொல்லுங்கள். எதையும் ஒளிக்கவேண்டாத பிள்ளையாக அது பாடசாலை வாசலைத் தாண்டட்டும்.