பழி சுமக்க ஒரு முந்தைய சமயம்

ஆணாதிக்கம் எங்கிருந்து வந்தது என்ற பெண்ணியத்தின் கேள்வியில், தீமையின் தோற்றுவாயைத் தேடும் பழைய சமயக் கேள்வியின் சாயல் எப்போதும் உண்டு. மேற்கில் அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று பழைய சமயப் பகையின் தடத்திலேயே நடந்ததில் வியப்பில்லை. அமெரிக்கப் பெண் வாக்குரிமை இயக்கத்தின் முன்னோடி எலிசபெத் கேடி ஸ்டான்டன், பெண்ணைப் படைப்பின் பிற்சேர்க்கையாகவும் தாய்மையைச் சாபமாகவும் கருதும் கோட்பாடுகள் யூத சமயத்திலிருந்து பிறந்தவை என்று கண்டிக்கும் தீர்மானம் ஒன்றை 1885இல் பெண் வாக்குரிமை மாநாட்டின் முன் வைத்தார். கிறித்தவச் சபைகளையும் தயங்காமல் சாடியவர்தான் அவர். ஆயினும் நோயின் வேரைத் தேடும்போது அவர் கை முந்தைய சமயத்தையே சுட்டியது. அதே இயக்கத்தில் அவருக்கு முன்பே உழைத்த எர்னஸ்டின் ரோஸ், போலந்து நாட்டு யூத மதகுரு (ரபி) ஒருவரின் மகள். இளமையிலேயே கடவுள் நம்பிக்கையைத் துறந்தவர். அப்படியிருந்தும் 1863-64இல், தம்மைப் போலவே நாத்திகரான ஒரு பாஸ்டன் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து யூதர்களைக் காக்க அவர் எழுத வேண்டியிருந்தது. சமயத்தை விட்டவர்களையும் சமயப் பகை விடுவதில்லை போலும்.

யூதர்களை ஓர் இனமாக வெறுப்பது யூத எதிர்ப்பு. அவர்களுடைய சமயத்தைக் காலாவதியான, கடின மனம் கொண்ட ஒன்றாகச் சித்தரிப்பது யூத சமய எதிர்ப்பு. இரண்டும் ஒன்றல்ல, எனினும் முன்னது பின்னதிலிருந்தே நெடுங்காலம் உரம் பெற்றது. இரண்டாம் அலைப் பெண்ணியம் ஓங்கிய 1970களில் இந்தப் பின்னது கிறித்தவப் பெண்ணிய இறையியலுக்குள் நல்லெண்ணத்தின் வழியாகவே நுழைந்தது. இயேசு ஒரு பெண்ணியவாதி என்று கத்தோலிக்க அறிஞர் லெனார்ட் சுவிட்லர் 1971இல் வாதிட்டார். அந்தச் சித்திரம் ஒளிர்வதற்கு யூத சமயம் இருண்ட பின்புலமாக வேண்டியிருந்தது. இதை 1978இல் தெளிவாக எடுத்துக்காட்டியவர் யூதப் பெண்ணிய இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ. இயேசுவே யூதர் என்பதால், பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் யூத சமயத்துக்குள் இயலக்கூடியதாக இருந்தவற்றுக்கே சான்றாகும் என்றார் அவர். மேலும், ரபிகளின் விவாதங்களைத் திரட்டிய தல்மூத் இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. அதன் கடுமையான வரிகளை நற்செய்தி நூல்களோடு ஒப்பிடாமல், அதே காலத்துக் கிறித்தவச் சபைப் பிதாக்களின் எழுத்துகளோடு ஒப்பிடுவதே நேர்மை. அப்படி ஒப்பிட்டால் வெற்றி எந்தப் பக்கமும் எளிதில் கிட்டாது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உதிரப்போக்கால் தீட்டென்று ஒதுக்கப்பட்ட பெண்ணை யூதச் சட்டத்தை மீறி இயேசு விடுவித்தார் என்பது பிரசங்க மேடைகளில் நிலைபெற்ற விளக்கம். ஆனால் அப்பெண் கூட்டத்தின் நடுவே வருகிறாள். அவளை யாரும் விரட்டவில்லை. தீட்டு என்ற பேச்சே அந்தக் கதையில் இல்லை. இருந்த பணத்தையெல்லாம் மருத்துவர்களிடம் இழந்தாள் என்பதுதான் அங்கே சொல்லப்படும் துயரம். யூத அறிஞர் ஏமி-ஜில் லெவின் இத்தகைய வாசிப்புகளைத் தொடர்ந்து மறுத்துவந்தவர். இதே பிழை மூன்றாம் உலக இறையியலாளர்களின் எழுத்துகளிலும் இருப்பதை 2004இல் அவர் காட்டியபோது எழுந்த விவாதம், ஒடுக்கப்பட்டோர் என்ற நிலை எவரையும் முன்முடிவுகளிலிருந்து விடுவிப்பதில்லை என்பதை வெளிப்படுத்தியது.

அதே கதையில் வரும் யவீரு ஒரு ஜெபஆலயத்தலைவன். அப்பட்டம் ஆண்களுக்கே உரியது என்று அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருக்க, இன்றைய இஸ்மிரான சிமிர்னாவில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்று ரூஃபினா என்ற யூதப் பெண்ணை ஜெபஆலயத்தலைவி என்றே குறிக்கிறது. தாம் விடுவித்த அடிமைகளுக்கும் தம் வீட்டில் வளர்ந்தோருக்கும் கல்லறை கட்டிய அவர், வேறெவரையேனும் அங்கே புதைப்போர் 1,500 தெனாரியத்தைக் கருவூலத்துக்கும் 1,000 தெனாரியத்தை யூத மக்களுக்கும் தண்டமாகச் செலுத்த வேண்டும் என்று விதிக்கிறார். கல்வெட்டில் கணவன் பெயர் இல்லை. ஆனாலும் அது கணவன் வழியாக வந்த வெற்று மரியாதைப் பட்டம் என்றே விளக்கிவந்தனர். பெர்னடெட் புரூட்டன் 1982இல் இத்தகைய கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்து, அந்த விளக்கத்துக்குக் கல்லில் ஆதாரமில்லை என்று காட்டினார்.

கிறித்தவத்தை விட்டு வெளியேறிய பெண்ணியமும் பழியை விட்டுவிடவில்லை. ஆதியில் பெண் தெய்வ வழிபாடு தழைத்திருந்தது, எபிரேயர்கள் அதை அழித்தனர் என்ற கருத்தை மெர்லின் ஸ்டோனின் 1976ஆம் ஆண்டு நூல் பரப்பியது. கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்ற பழைய குற்றச்சாட்டு தேவியைக் கொன்றவர்கள் என்று உருமாறியதாக யூதப் பெண்ணியவாதிகள் கசப்போடு குறிப்பிட்டனர்.

அண்மைக்கால மோதல்களில் இறையியலின் இடத்தை அரசியல் பிடித்துள்ளது. இஸ்ரேல் அரசின் செயல்களைக் கண்டிப்பது யூத எதிர்ப்பு ஆகாது. காசாவின் பெண்களுக்காகப் பேசுவது பெண்ணியத்தின் கடமையும்கூட. ஆனால் 2017இல் சிகாகோவின் லெஸ்பியன் பெண்கள் பேரணியில் வானவில் கொடியில் யூதச் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தைப் பொறித்து வந்த யூதப் பெண்கள் வெளியேற்றப்பட்டபோது, கேள்விக்குள்ளானது எந்த அரசின் கொள்கையும் அல்ல, அவர்களுடைய அடையாளமே.

யூத சமயத்தில் ஆணாதிக்கம் இல்லை என்று பிளாஸ்கோ ஒருபோதும் சொன்னதில்லை. சீனாய் மலையடியில் உடன்படிக்கைக்கு ஆயத்தமாகும் மக்களிடம், பெண்களை நெருங்காதீர்கள் என்று மோசே கட்டளையிடுவதை (யாத்திராகமம் 19:15) எடுத்துக்கொண்டு, அந்த ‘மக்கள்’ என்பதில் பெண்கள் எங்கே என்று 1990இல் வெளியான தம் நூலில் அவரே கேட்கிறார். அந்தக் கேள்வியை அவர் இன்னொரு சமயத்தின் மேன்மையை நிறுவுவதற்காகக் கேட்கவில்லை. தாமும் தம் முன்னோர் பெண்களும் அந்த மலையடியில் நின்றவர்கள் என்ற உரிமையோடு கேட்கிறார்.