நிபந்தனையும் நீதியும்

கண்டி நகருக்குத் தெற்கே, தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில்தான் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலை வர்த்தகத்துக்கு அதுவே தொடக்கம். இந்த மலைச்சரிவுகளில் கொழுந்து நிறுக்கும் வேளையில் தராசின் முன்னே ஒரு தர்க்க வாக்கியம் தலைமுறை தலைமுறையாகப் பரீட்சிக்கப்பட்டு வந்திருக்கிறது: "குறித்த நிறை எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர்." தோட்ட வழக்கில் பேர் என்பது ஒரு நாட்கூலி. தராசின் முள்ளையும் கணக்கப்பிள்ளையின் பேனாவையும் மாறி மாறிப் பார்க்கும் பெண்ணுக்குத் தர்க்க சாஸ்திரம் தெரியாது என்று படித்தவர்கள் எண்ணுகிறோம். அந்த எண்ணம் சரிதானா?

"செயின்" என்ற வாய்பாட்டில் நம் இலக்கணம் அடக்கிய நிபந்தனை எச்சம், இன்றைய தமிழில் பெரும்பாலும் "ஆல்" என்று முடிகிறது. "மழை பெய்தால் ஆறு பெருகும்" என்பது இயற்கையின் செய்தி. "வேலை செய்தால் கூலி தருவேன்" என்பது ஒப்பந்தம். "நெருப்பருகே சென்றால் கவனமாயிரு" என்பது எச்சரிக்கை. "அன்றே பதிந்திருந்தால் இன்று துன்பமில்லை" என்பது நடக்காததை நினைத்து வருந்தும் வாக்கியம். மொழி இந்த நான்குக்கும் ஒரே விகுதியைத் தருகிறது. மனித மூளையும் இவற்றை ஒன்றாகத்தான் நோக்குகிறதா?

1966இல் பீட்டர் வேஸன் என்ற ஆங்கில உளவியலாளர் ஒரு சிறு புதிரை வெளியிட்டார். அதை நம் எழுத்தில் இப்படிச் சொல்லலாம். மேசைமீது நான்கு அட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். நமக்குத் தெரிபவை அ, க, 4, 7. "ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டை எண் இருக்கும்" என்ற விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும்? "அ"வையும் "7"ஐயும் என்பதே விடை. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி பொய்த்துவிடும்; 4இன் பின்னால் எது இருந்தாலும் விதிக்குப் பழுதில்லை. கல்லூரி மாணவரிலும் பத்தில் ஒருவர் அளவுக்கே சரியாக விடை சொல்லினர். பலர் 4ஐப் புரட்டினர்.

1982இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிரிக்ஸ், காக்ஸ் என்னும் இருவர் அதே புதிருக்கு வேறு உடை அணிவித்தனர். "பீர் அருந்தினால் வயது 19க்கு மேல் இருக்க வேண்டும்" என்பது விதி. பீர் அருந்துபவர், குளிர்பானம் அருந்துபவர், 22 வயதினர், 16 வயதினர் ஆகியோரில் யாரைச் சோதிப்பது? ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பீர் அருந்துபவரையும் 16 வயதினரையும் சரியாகக் காட்டினர். வாக்கியத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. மாறியது அதன் சமூக உள்ளடக்கம். கடமையும் உரிமையும் விதியில் நுழைந்ததும் மந்தமான அறிவு கூர்மை பெற்றது. இது பரிணாமம் அளித்த தனித்திறன் என்று லீடா காஸ்மிடிஸ் 1989இல் வாதிட்டார். அனுமதியும் கடமையும் நிறைந்த அன்றாட வாழ்வில் மனிதர் கற்றுக்கொண்ட முறையே இது என்பார் வேறு சிலர். அந்த விவாதம் எவ்வாறு முடியினும், வெறும் குறிகளைக் கண்டு தடுமாறும் மனம் ஏமாற்றைக் கண்டதும் விழித்துக்கொள்கிறது என்பது தெளிவு.

மூளையைப் பற்றிய ஆராய்ச்சியும் இதற்கு ஒளி தருகிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியிலும் அமிக்டலா என்ற உணர்ச்சி மையத்திலும் சேதமுற்ற ஒரு மனிதரைப் பற்றியது. "அபாயமான வேலையில் இறங்கினால் பாதுகாப்பு அணிய வேண்டும்" என்பது போன்ற விதிகள் மீறப்படுவதை அவரால் நன்கு கண்டறிய முடிந்தது. "பயனைப் பெற்றால் கைம்மாறு செய்ய வேண்டும்" என்ற வகை விதிகளிலோ அவர் பெரிதும் பின்தங்கினார். 2004இல் வெளியான மற்றோர் ஆய்வில், அதே முன்மூளைப் பகுதி சேதமுற்றவர்கள் "வேறொன்றைத் தேர்ந்திருந்தால்" என்று எண்ணி வருந்தும் உணர்வை இழந்திருந்தனர். ஆகவே தர்க்கத்துக்கு மூளையில் ஒரே ஆசனம் இல்லை. நியாயத்தைக் கணக்கிடும் அறிவும் நியாயத்துக்காக நோகும் நெஞ்சும் நாம் நினைத்ததைவிட நெருங்கிய உறவினர்.

இனித் தராசுக்குத் திரும்புவோம். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விதி ஒன்றே. ஆனால் கணக்கப்பிள்ளையின் கண், 18 கிலோ எடுக்காமல் முழுப் பேர் வாங்கியவரைத் தேடுகிறது. தொழிலாளியின் கண், 18 கிலோ எடுத்தும் அரைப் பேர் விழுந்தவரைத் தேடுகிறது. கிகரென்சர், ஹுக் என்னும் இருவர் 1992இல் இதையே சோதனையில் கண்டனர். "வார இறுதியில் வேலை செய்தால் வாரநாளில் ஒரு விடுமுறை" என்ற விதியைக் கொடுத்து, சிலரை முதலாளியாகவும் சிலரைத் தொழிலாளியாகவும் எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். இரு சாராரும் வெவ்வேறு அட்டைகளைப் புரட்டினர். மனிதன் தான் நிற்கும் இடத்திலிருந்தே மோசடியைக் காண்கிறான். கூடையின் கழிவுக்காகக் கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவையும் மனத்தில் எழுதிவைக்கும் பெண் நல்ல தர்க்கவாதி. அவளை அறியாதவள் என்பவர்களே அறியாதவர்கள்.

ஆயினும் இந்தக் கூர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. நிபந்தனை வாக்கியம் பொய்யாவதற்குத் தர்க்கம் ஒரே வழியைத்தான் ஒப்புக்கொள்கிறது: நிபந்தனை நிறைவேறியிருக்க வேண்டும், வாக்கு நிறைவேறாதிருக்க வேண்டும். நிபந்தனையே ஒருபோதும் நிறைவேறாவிடில் வாக்கு ஒருபோதும் பொய்க்காது. "கடல் வற்றினால் உனக்கு நிலம் தருவேன்" என்பவனைப் பொய்யன் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஏமாற்றுக்காரனைப் பிடிக்கப் பழகிய மூளை புரட்டிப் பார்ப்பதற்கு அங்கே அட்டையே இல்லை.

மலையகத் தமிழரின் சரித்திரம் அத்தகைய அட்டைகளால் எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவனை நோக்கி, உன் தந்தை இங்கே பிறந்திருந்தால், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருந்தால், நீ வமிசாவழியில் பிரஜை என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்து, மலைச்சரிவிலேயே புதைக்கப்பட்ட பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. ஆவணத்தைக் காட்டினால் உரிமை என்ற வாக்கு, ஆவணமில்லாத மனிதர் முன் ஒருநாளும் பொய்க்கவில்லை. "காட்டினால்" என்பதோடு "தான்" சேர்ந்துகொண்டதும் கதவு அடைபட்டது.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இன்னும் கொடிய நிபந்தனையைக் கொண்டுவந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. இரண்டும் ஏழுக்கு நான்கு என்ற விகிதத்தில் சேர்ந்து நகர வேண்டும். ஒருவன் இங்கே வாழும் உரிமை, மற்றொருவன் கப்பலேறுவதில் தொங்கியது. தன் உழைப்பாலோ நேர்மையாலோ அவன் நிறைவேற்றக்கூடியது அதில் எதுவுமில்லை. எஞ்சியது "அன்றே பதிந்திருந்தால்" என்ற பெருமூச்சு. தான் செய்யாத பிழைக்கு வருந்தும்படி ஒரு சமூகத்தைப் பழக்கியதும் அந்தச் சட்டங்களின் கொடுமைகளுள் ஒன்று.

நிபந்தனை இல்லாமல் சட்டம் உண்டா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் எல்லா நிபந்தனையும் ஒன்றல்ல. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் ஒரு நிபந்தனையையே விதித்தது: இந்திய வமிசாவழியினர் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்திருந்தால், அல்லது அவ்வாறு வசித்தவரின் சந்ததியினராயிருந்தால், அவர் பிரஜை. மக்கள் உண்மையில் வாழ்ந்த வாழ்வே அங்கே நிபந்தனையாயிற்று. நிறைவேற்றக்கூடிய நிபந்தனை நீதிக்கு அருகே வருகிறது. நிறைவேற்ற முடியாத நிபந்தனை, வாக்குறுதியின் வேடமணிந்த மறுப்பு.

தராசின் முன் நிற்பவள் இரண்டு கேள்விகளை நன்கு அறிவாள். எடுக்காமல் பெற்றவர் யார்? எடுத்தும் பெறாதவர் யார்? இவற்றை மனித மூளை தானே கேட்டுக்கொள்கிறது. மூன்றாவது கேள்வியை நாம் ஒருவருக்கொருவர் கற்பிக்க வேண்டும்: இந்த அளவை விதித்தவர் யார், அதை எட்டும் வழியை எங்களுக்கு விட்டுவைத்தாரா? தனி மனிதனின் அறிவு தயங்கும் இடத்தில், கூடிச் சிந்திக்கும் மக்களின் அறிவுதான் அந்தக் கேள்வியை எழுப்ப வல்லது.