காற்றாலையும் கானமயிலும்

நிலக்கரியை எரித்து மின்சாரம் பெறுவதால் கரியமிலவாயு பெருகி, உலகம் வெப்பமுறுகிறது. காற்றாலைக்கோ எரிபொருள் வேண்டுவதில்லை. சுழலும்போது புகையும் எழுவதில்லை. ஆகவே அது எவ்வுயிர்க்கும் தீங்கற்றது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் முற்றும் சரியாகுமா?

இராஜஸ்தானத்தின் ஜெய்சல்மர் பாலைநிலத்தில் காற்றாலைகளும் சூரியமின் நிலையங்களும் மிகுந்துள்ளன. அம்மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பிகள் வானில் நெடுக ஓடுகின்றன. அங்கு வாழும் கானமயில் கனத்த உடலுடைய பறவை. நேர் முன்னே பார்க்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. கம்பியை அண்மையில் கண்டாலும் சட்டென விலக இயலாது மோதி மாள்கிறது. இவ்வினத்தில் எஞ்சியிருப்பவை 200க்கும் குறைவே.

2021இல் உச்சநீதிமன்றம், அப்பகுதிகளில் இயன்ற இடங்களிலெல்லாம் கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு ஆணையிட்டது. உயரழுத்தக் கம்பிகளைப் புதைப்பது அரிது, தூய மின்சாரத்தின் வளர்ச்சி தடைப்படும் என்று அரசு முறையிட்டது. 2024இல் நீதிமன்றம் அவ்வாணையைத் தளர்த்தி, வழிகாண வல்லுநர் குழுவொன்றை அமைத்தது.

காற்றாலை வேண்டா என்பது நம் கருத்தன்று. நிலக்கரி நீடிப்பின் எல்லா உயிர்க்கும் கேடு. கானமயிலும் அதற்கு விலக்கன்று. ஆயினும், பலர் பெறும் நன்மையின் விலையை வாய்பேசா உயிரொன்றின்மீது சுமத்துவது அறமாகுமோ? மின்விளக்கின் பயனை நுகர்வோர் நாம், மாள்வது அப்பறவை. கம்பியைப் புதைக்கச் செலவு மிகும் என்பர். அச்செலவை நாமன்றோ ஏற்கவேண்டும்? நோக்கம் நன்று என்பதால் வழியில் விளையும் துன்பம் இல்லையாகிவிடாது. அதைக் குறைக்கும் கடமை நம்முடையதே.