நந்தனவனமும் மலர்த்தொண்டும்



பாடசாலைகளிலே பூந்தோட்டம் இடுதல் நல்வழக்கமேயாம். வாயிலின் இருமருங்கும் குரோட்டன் செடிகளை நிரைபட நட்டு, சுண்ணாம்பு தீற்றிய கற்களை வரம்பாக வைத்து, கல்வியதிகாரிகள் வரும் நாளிலே காட்டி மகிழ்தல் பலவிடத்துங் காணப்படுகின்றது. அதனை யாம் இகழேம். ஆயின், “ஐயா, இத்தோட்டத்துப் பூ யாருக்கு உரியது?” என்று ஒரு மாணாக்கன் வினவுவானாயின் நாம் யாது விடை பகர்வோம்? அவ்வினாவையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

மலர் தனக்குரியதன்று என்னும் எண்ணம் நமக்கு மாத்திரம் உரியதன்று. யப்பான் தேசத்திலே 6ஆம் நூற்றாண்டிற் பௌத்தம் புகுந்தபொழுது, புத்தர் திருவுருவத்தின் முன் மலர் வைக்கும் வழக்கமும் உடன்புகுந்தது. கியோத்தோ நகரத்து ரொக்காக்குதோ என்னும் ஆலயத்திலே, குளத்தருகே வசித்த துறவிகள் அத்தொண்டிலே தலைநின்றனர். குளத்தருகுக் குடில் எனப் பொருள்படும் இக்கெனோபோ என்பதே அவர் மரபுக்குப் பெயராயிற்று. 1462ஆம் ஆண்டிலே அம்மரபினராகிய செங்கெய் என்பார் அமைத்த மலர்களை நகரமாந்தர் திரண்டு கண்டனர் என்று, அக்காலத்துத் துறவியொருவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தனர். இன்று உலகெங்கும் இக்கேபானா எனப் போற்றப்படும் கலைக்கு வேர் அவ்வழிபாடேயாம்.

பின்வந்த சென் நோ ரிக்கியூ (1522–1591) என்னும் தேநீர்ச் சடங்காசிரியரைப் பற்றி ஒரு கதை வழங்கும். அவர் தோட்டத்திலே, விடியலில் அலர்ந்து வெயிலேற வாடும் கொடிப்பூக்கள் மிக்கழகாய்ப் பூத்திருக்கின்றன என்று கேள்வியுற்று, இதெயோசி என்னும் பெருந்தலைவன் காண வந்தான். தோட்டத்தில் ஒரு பூவுமில்லை, எல்லாம் கொய்யப்பட்டிருந்தன. சினந்து உள்ளே புகுந்தவன், சுவர்மாடத்திலே தனித்து வைக்கப்பட்ட ஒரேயொரு பூவைக் கண்டு வாயடங்கி நின்றான் என்பர். ஒன்றினைக் காட்ட மற்றையவற்றை அழித்தல் தகுமோ என்பது வேறு வினா. எமக்கு அஃது உடன்பாடன்று.

மலரை உடைமையாக மாத்திரம் கருதினார்க்கு நேர்ந்ததையும் காண்மின். துருக்கி தேசத்தினின்றும் ஐரோப்பாவுக்குச் சென்ற துலிப் என்னும் பூவை ஒல்லாந்தர் பெரிதும் விரும்பினர். 1636ஆம் ஆண்டின் மாரியிலே, மண்ணினுட் கிடந்த கிழங்குகளைக் கண்ணாற் காணாமலே கடிதத்தளவில் விற்றும் வாங்கியும் விலையை ஏற்றினர். 1637 பெப்ருவரியில் அவ்விலை ஒருங்கே சரிந்தது. அவற்றுள் மிக்க விலை பெற்றவை இதழிலே சுவாலை போன்ற வரிகளையுடைய பூக்கள். அவ்வரிகள், செடிப்பேன் பரப்பும் வைரசு என்னும் நுண்கிருமியால் விளைந்த நோயின் குறி என்பது 20ஆம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று. நோயையே அழகென்று விலை கொடுத்தார் ஆயினர்!

இனி, நம் சமயத்து வழக்கினை நோக்குவாம். திருப்புகலூரிலே அவதரித்த முருகநாயனார், நாடோறும் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூக்களையும் கொய்து, வகைவகையாய்த் தொடுத்துச் சிவபெருமானுக்குச் சாத்தினார். அவர் செய்த தொண்டு இதுவே. திருஞானசம்பந்தமூர்த்திநாயனாருக்கு நண்பராகும் பேறு இதனால் வாய்த்தது. இச்சரித்திரம் கற்பித்தற்கு எளிது.

எளிதல்லாதது செருத்துணைநாயனார் சரித்திரமாம். திருவாரூர்த் திருக்கோயிலிலே பூமண்டபத்தின் பக்கத்து விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து மோந்தாள், கழற்சிங்கநாயனாராகிய அரசரின் பட்டத்துத் தேவி. செருத்துணையார் அவள் மூக்கை அரிந்தார். அரசர் வந்து நிகழ்ந்ததறிந்து, முதலில் எடுத்தது கையன்றோ என்று கையையும் தடிந்தார். இதனை வகுப்பிலே சொல்லும்பொழுது பிள்ளைகளின் முகம் வாடுதலை ஆசிரியர் பலரும் அறிவர். சிலர் இச்சரித்திரத்தையே விட்டுவிடுகின்றனர். சிலர் தண்டனையை மாத்திரம் விரித்து அச்சுறுத்துகின்றனர். இரண்டும் தவறென்பதே எம் கருத்து. இது பிறரை ஒறுத்தற்கு விதி கூறியதன்று. அடியார் இருவரது பத்தியின் மிகுதியைக் காட்டியது. நிலத்தில் விழுந்த பூ பூசைக்கு ஆகாதே, அதனை மோந்தால் என்னை என்று கூரிய மாணாக்கன் ஒருவன் கேட்பான், கேட்டல் நன்று. இறைவனுக்கென்று கொய்தபொழுதே அப்பூ பிறர் உரிமையினின்றும் நீங்கிற்று என்றும், அரசன் தேவிக்கும் அதில் விலக்கில்லை என்றும் அவனுக்கு உணர்த்துக.

புறநாட்டுச் செடியின் பூவைச் சாத்தலாமோ என்று ஐயுறுவாரும் உளர். பல கோயில்களிலே சிவலிங்கத்துக்குச் சாத்தும் மஞ்சளலரி அமெரிக்காவின் வெப்பநாடுகளுக்கு உரியது. துலுக்கச் செவ்வந்தி எனப்படுவதும் துருக்கர் நாட்டதன்று, மெக்சிக்கோ தேசத்தது. அந்நாட்டார் நவம்பர் மாதத் தொடக்கத்திலே இறந்தாரை நினைந்து படைக்கும் பூவும் அதுவே. வந்த வழி நோக்கி ஒரு செடியைத் தள்ளுதல் வேண்டா. மஞ்சளலரியைப் பாடசாலையில் நடாதிருக்க வேறு காரணம் உண்டு: அதன் உறுப்புக்கள் யாவும் நஞ்சு, விதையோ மிகக் கொடியது. சிறுவர் விளையாடுமிடத்து அஃது ஆகாது.

ஐப்பசியில் மாரி தொடங்கியவுடன் நந்தியாவர்த்தம், செவ்வரத்தை, மல்லிகை, துளசி என்பவற்றை நடலாம். இடமுளதாயின் ஒரு வில்வமும் ஒரு கொன்றையும் வைக்க. குரோட்டனும் ஒரு பக்கம் இருக்கட்டும். கோயிலுக்கு அணித்தாய் வசிக்கும் பிள்ளைகள் முறைவைத்து, காலையில் நீராடி வந்து, பேசாதும் மோவாதும் கொய்து கொடுப்பாராக. விநாயகருக்குத் துளசியும், வைரவருக்கு நந்தியாவர்த்தமும், சூரியனுக்கு வில்வமும், சிவபெருமானுக்குத் தாழம்பூவும் ஆகா என்பவற்றை வகுப்பிலே நெட்டுருப் பண்ணுவித்தலினும், பாத்தியருகே நின்று செடியைத் தொட்டுக் காட்டிக் கற்பித்தல் எளிது. தாழையை மாத்திரம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றே காட்டல் வேண்டும்.