தோபியாவின் நாயும் திரும்பும் வழியும்

பொங்கல் விடுமுறை முடியும் நாளின் மாலையில் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரையுள்ள நெடுஞ்சாலையைப் பார்த்தவர் அதை எளிதில் மறக்க மாட்டார். பரனூர், கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் என்று வழி நெடுகிலும் ஊர்திகள் ஒன்றையொன்று ஒட்டி ஊர்ந்து வருகின்றன. நெல்லையிலும் மதுரையிலும் திருச்சியிலுமிருந்து வீடு திரும்பும் குடும்பங்கள் அவற்றில் இருக்கின்றன. அண்மைக் காலமாக அவ்வூர்திகள் சிலவற்றின் சன்னலோரத்தில் ஒரு நாயின் முகமும் தெரிகிறது.

இதைக் கண்டு மகிழ்வோர் உண்டு. முகம் சுளிப்போரும் உண்டு. நாய்க்கு வண்டியில் இடம் இருக்கிறது, ஊர் வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பிய தாய்க்கு இடம் இல்லையே என்பது இரண்டாமவரின் கேள்வி. இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்று 2418ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அதே இடத்தில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் திருப்புவதும் தகாது என்றும் எச்சரிக்கிறது. அப்படியானால், நாயோடு போய் நாயோடு திரும்புவது வெறும் ஆடம்பரம்தானா?

நம் திருவிவிலியத்தின் இணைத்திருமுறை நூல்களுள் ஒன்றான தோபித்து இங்கு நமக்கு வழி காட்டுகிறது. பார்வை இழந்த தந்தை தோபித்து, மேதியா நாட்டில் தாம் ஒப்படைத்திருந்த வெள்ளியைப் பெற்றுவரத் தம் மகன் தோபியாவை நினிவேயிலிருந்து அனுப்புகிறார். வழித்துணையாக இரபேல் வானதூதர் வருகிறார். கூடவே ஒரு நாயும் புறப்படுகிறது. பேயை ஓட்டுவதிலோ, தந்தைக்கு மருந்து தேடுவதிலோ அதற்குப் பங்கு எதுவும் இல்லை. அதற்குப் பெயரும் இல்லை. ஆயினும் ஆறாம் அதிகாரத்தில் புறப்பட்ட அந்த நாயைப் பதினோராம் அதிகாரத்தில் வீடு திரும்பும்போது ஆசிரியர் மறவாமல் குறிப்பிடுகிறார். புனித எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலோ, அது முன்னே ஓடிவந்து வாலை ஆட்டி மகிழ்கிறது.

நாயைத் தாழ்வாகவே கருதிய ஒரு சமுதாயத்தில் எழுந்த நூல் இது. அதில் இந்த நாய் இருமுறை இடம் பெறுவது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. புறப்படும்போது எவரையும் உடன் அழைத்துச் செல்வது எளிது. அப்போது உற்சாகம் இருக்கிறது. திரும்பும்போதோ பணம் கரைந்திருக்கும், உடல் சோர்ந்திருக்கும், பொறுமையும் குறைந்திருக்கும். உண்மையான பற்று அப்போதுதான் சோதிக்கப்படுகிறது. இரயிலில் நாயைக் கொண்டுசெல்வோர் இதை அறிவர். முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் அதை ஏற்றிவிட்டு, வண்டி நிற்கும் நிலையங்களில் ஓடிச் சென்று தண்ணீர் வைக்க வேண்டும். இத்தொல்லைக்கு அஞ்சி, வளர்த்த நாயை வழியில் எங்கோ இறக்கிவிட்டுச் செல்வோரும் இருக்கிறார்கள். இறங்கிய இடத்திலேயே நின்று, அகன்றுபோன வண்டி வந்துவிடும் என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த உயிருக்கு நாம் என்ன மறுமொழி சொல்வோம்?

எந்த உயிரிடமும் காட்டும் அலட்சியமும் கொடுமையும் நாளடைவில் மனிதரை நடத்தும் முறையிலும் வெளிப்படும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் நினைவூட்டினார். பயன் தீர்ந்ததும் நாயைக் கைவிடப் பழகிய நெஞ்சு, பயன் தீர்ந்த மனிதரைக் கைவிடவும் தயங்காது. ஆகவே நாயை வீடு சேர்ப்பது ஆடம்பரமன்று. நம்மை நம்பி வந்த உயிருக்கு நாம் செலுத்தும் கடன் அது.

ஆனால் முதலில் எழுந்த கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. தோபித்து நூலின் பத்தாம் அதிகாரத்தை நாம் சேர்த்து வாசிக்க வேண்டும். தோபியாவின் திருமண விருந்து பதினான்கு நாள் நடக்கிறது. அங்கே நினிவேயில் தந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். தாய் அன்னா மகன் சென்ற வழியை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார். விருந்து முடிந்தபின்பும் மாமனார் வற்புறுத்துகிறார். தோபியாவோ, பெற்றோர் தம்மை இழந்துவிட்டதாக எண்ணுவார்களே என்று கூறி விடைபெறுகிறார். அவர் விரைந்து திரும்பியது தாய் தந்தைக்காகவே. நாய் அந்தப் பயணத்தில் உடன் வந்தது.

இதில் வரிசை தெளிவாக இருக்கிறது. ஓர் அன்பு மற்றோர் அன்பைத் தள்ளிவிடவில்லை, தள்ளவும் தேவையில்லை. பின்னிருக்கையில் நாய்க்கு இடம் ஒதுக்கும் நாம், ஊரில் வழி பார்த்திருக்கும் முதியவர்களுக்கு நம் நாள்களில் எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வோம். தோபியா தம் நாயைக் கைவிடாமல் அழைத்து வந்தார். அழைத்து வந்து சேர்ந்த இடமோ தந்தையின் வாசல்.